கவ்வும் பல்லும் விடும் சொல்லும்

ஏற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். கணுக்கால் வரை சேறு. பக்கத்தில் எங்கள் பாய்மரப் படகு வெள்ளச்சி ஒருக்களித்துப் படுத்து, வெள்ளை வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு, முந்தானை பாசிமேல் விரிந்து மிதக்க, அம்மா.

"நீதான கண்ணு உடுன்ன?" என்றாள்.

"ஆமா, உடுன்னுதான் கத்துனேன். நீ ஏன் உடல?"

"உட்டுட்டேனே. கயித்தத் தொடவே இல்லையே."

இரண்டே எழுத்து. அதை நான் ஒரு பொருளில் கத்தினேன், அம்மா வேறு பொருளில் கேட்டாள். கரையில் பத்துப் பதினைந்து பேர் நின்று பார்த்தார்கள். என் குறிப்பு நோட்டு எங்களைத் தாண்டி மெதுவாக மிதந்து போனது. பென்சிலில் எழுதியிருந்ததால் எழுத்து அழியவில்லை. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

பட்டறையில் என் முதல் நாள்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "இயந்திரவியல் படித்த நீங்கள் தவறாகத் தேர்ந்தெடுத்த பொருள் எதுவும் இல்லையா?" இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

தையலுக்குப் போனவள்

எங்கள் வீடு கிளியூர் போகும் வழியில், எஸ்டேட்டை ஒட்டி. அப்பா எஸ்டேட் ரைட்டர். அம்மா பங்களாவில் தையல் வேலை பார்த்தாள். ஜன்னல் திரை, தலையணை உறை, மேசை விரிப்பு எல்லாம் அவள் கைதான்.

அன்றைய மானேஜரின் மனைவி பம்பாய்க்காரர், சின்ன வயதிலிருந்தே கடலில் பாய்மரப் படகு ஓட்டியவர். இங்கே மாற்றலாகி வந்தபோது லாரியில் கட்டிலும் பீரோவும் வந்தன. கூடவே பன்னிரண்டடிப் படகும் வந்தது. அதை இறக்க எஸ்டேட் ஆட்கள் எட்டுப் பேர் தேவைப்பட்டதாக அப்பா சொல்வார்.

ஒரு நாள் பாய் கிழிந்துவிட்டது. அம்மாவிடம் தைக்கக் கொடுத்தார்கள். இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். தையல் தாங்குகிறதா என்று பார்க்க அவளையும் ஏரிக்கு அழைத்துப்போனார்கள். தையல் தாங்கியது. அன்றிலிருந்து வாரம் ஒரு நாள், மானேஜரம்மா பின்னால் சுக்கான் பிடிக்க, அம்மா முன்னால் உட்கார்ந்து சின்னப் பாயைக் கவனித்துக்கொண்டாள். இரண்டு வருடம் போனதும் இருவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள். நான் அப்போது நான்காவதோ ஐந்தாவதோ படித்தேன். பள்ளி விட்டு வரும்போது ஏரியில் வெள்ளைப் பாய் தெரிந்தால் வீட்டில் டிபன் இல்லை என்று அர்த்தம்.

எழுபதுகளின் கடைசியில் எஸ்டேட் கை மாறியது. மானேஜர் குடும்பம் பம்பாய் திரும்பியது. மற்ற சாமான்களை ஏற்றிவிட்டுப் படகை மட்டும் அம்மாவிடம் விட்டுப்போனார்கள். அதன் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் ஏதோ பெயர் இருந்தது. அம்மா அதன்மேல் வெள்ளை பெயின்ட் அடித்து, எங்கள் வீட்டில் முன்பு இருந்த பசுவின் பெயரை வைத்தாள்.

ஊரில் கேலிக்குக் குறைவில்லை. "ஏனுங்க ரைட்டரம்மா, கப்பல் எப்பங்க சிலோன் போவுது?" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்பார்கள். "உங்களுக்கு டிக்கெட் எடுத்தாச்சுங்க, பாஸ்போர்ட் மட்டும் கொண்டாங்க" என்பாள் அம்மா, நடையை நிறுத்தாமல்.

அப்பா ஒரு முறைகூட வெள்ளச்சியில் ஏறியதில்லை. தண்ணீர் என்றால் அவருக்கு ஆகாது. குடை பிடித்துக்கொண்டு கரையில் நிற்பார். அம்மா திரும்பி வந்ததும் முதலில் குடையை மடக்குவார்.

டம்ளரை இரண்டு கையால் பிடித்தது

எண்பதுகளின் நடுவில், நான் டிப்ளமா முடித்து சேலத்தில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். சனிக்கிழமை மதியம் மலை ஏறுவேன், திங்கள் முதல் பஸ்ஸில் இறங்குவேன். அப்படி வந்த ஒரு சனிக்கிழமை, அம்மா காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தூக்குவதைப் பார்த்தேன். விரல்கள் மடங்கவில்லை.

மூட்டுவாதம் என்றார்கள். காலையில் அதிகம், வெயில் ஏற ஏறக் குறையும், மழைக் காலத்தில் குறையவே குறையாது. ஊசி பிடிப்பதை விட்டாள். துணி பிழிவது அப்பா வேலையாயிற்று. அவர் பிழிந்த துணி சாயங்காலம் வரை சொட்டியது.

இதையெல்லாம் அம்மா பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் ஏரிக்குப் போவது நின்றிருந்தது.

ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். இவ்வகைப் படகில் ஒரு கை சுக்கான் கட்டையில் இருக்கும். மறு கை ஒரு கயிற்றைப் பிடித்திருக்கும். பெரிய பாயை உள்ளே இழுத்து நிறுத்துவது அந்தக் கயிறுதான். இழுத்தால் பாய் காற்றை வாங்கி, படகு ஓடும். தளர்த்தினால் காற்று வழிந்துபோய் படகு நிமிரும். ஏரியைச் சுற்றி வரும் அரை மணி நேரமும் அந்தக் கயிற்றைப் பிடித்தே இருக்க வேண்டும். அம்மாவால் பத்து நிமிடம்கூட முடியவில்லை.

அப்போதுதான் ஹோட்டல் மானேஜர் வந்தார். சேலத்துக்காரர், இளைஞர், தேனாகப் பேசுவார். ஏரிக்குப் பக்கத்தில் அவர்கள் ஹோட்டல் புதிதாகத் திறந்திருந்தது.

"ஏனுங்க அக்கா, சும்மா கெடக்குதுன்னா படக எங்களுக்குக் குடுத்துருங்க. வாசல்ல வெச்சு, மண்ணு ரொப்பி டேலியா நட்டா அத்தன அழகா இருக்குமுங்க."

அம்மா கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தாள். "சீசன் முடியட்டும் தம்பி. ஓட்ட முடியலைன்னா எடுத்துக்கங்க" என்றாள்.

சீசன் முடியும் மே கடைசிக்கு மூன்றரை மாதம் இருந்தது. அன்றே நோட்டில் தலைப்பு எழுதினேன்: "வெள்ளச்சி – கயிறு – கை."

எட்டு மில்லிமீட்டர் ஷீட்

அம்மா சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் பம்பாய்க்கு எழுதினேன். மானேஜரம்மாவிடமிருந்து மூன்றே வாரத்தில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே படகுச் சாமான்களின் விலைப் புத்தகம். கயிற்றைக் கட்டிவைக்க, கவ்விப் பிடிக்க, சுற்றி இழுக்க என்று எத்தனையோ கருவிகள். கிளீட் ஒரு வகை, விஞ்ச் ஒரு வகை.

ஒவ்வொன்றின் அடியிலும் "ஷீட் எட்டு மில்லிமீட்டர் வரை", "ஷீட் பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை" என்று போட்டிருந்தது. பட்டறையில் ஷீட் என்றால் தகடு. எங்கள் மலையில் ஷீட் என்றால் கூரைமேல் போடுவது. எனவே கிளீட்டை எட்டு மில்லிமீட்டர் தகட்டின்மேல்தான் பூட்ட வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளச்சியின் பலகையோ மரம். இரும்புத் தகடு வைத்தால் எடை கூடும், துரு ஏறும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அலுமினியத் தகட்டுக்கு அளவுப் படம் வரைந்தேன். போல்ட் துளைகள் உட்பட.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "இது என்ன கண்ணு, தோசக்கல்லா?"

"ஷீட்டும்மா. எட்டு மில்லிமீட்டர்."

"சீட்டுன்னா கயிறு."

"இல்லம்மா, ஷீட்டுன்னா தகடு."

"உன்ற பட்டறையில தகடு. படகுல கயிறு. பாயி பாயி, கயிறு சீட்டு. மானேஜரம்மா அப்படித்தான் சொல்வாங்க."

நான் அகராதியைப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. ஏழாவதுவரை படித்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு முறத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

அங்கேயே நான் ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். படகைப் பற்றிய அம்மாவின் அறிவு முழுவதும் பன்னிரண்டு பதின்மூன்று ஆங்கிலச் சொற்களில்தான் இருந்தது. கயிற்றுக்குச் சீட்டு, சின்னப் பாய்க்கு ஜிப்பு, படகைத் திருப்ப டாக்கு, ரெடி. நான் கவனித்தது கயிற்றின் தடிமனை மட்டும்.

நான்கு வழிகள்

தகட்டை விட்டுவிட்டு மறுபடி பட்டியல் போட்டேன். நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

ஒன்று, கொம்புக் கிளீட். இரண்டு கொம்பு, கயிற்றை எட்டு போட்டுச் சுற்ற வேண்டும். உறுதி. படகில் ஏற்கனவே ஒன்று உண்டு. சுற்றவும் அவிழ்க்கவும் விரல் வேண்டும். நீக்கு.

இரண்டு, பள்ளக் கிளீட். உள்ளே வரி வரியாக வெட்டிய பள்ளம். அசையும் பாகம் கிடையாது. கயிற்றை அழுத்தி இறக்க வேண்டும். கயிறு சீக்கிரம் தேயும். சந்தேகம்.

மூன்று, கேம் கிளீட். எதிரெதிராக இரண்டு பல் சக்கரத் துண்டுகள், ஸ்பிரிங்கில் நிற்பவை. கயிற்றை நடுவில் வைத்தால் போதும், தானே கவ்வும். மேல்நோக்கி ஒரு சுண்டு சுண்டினால் விடும். பிடிக்கக் கை தேவையே இல்லை. மிக நன்று.

நான்கு, விஞ்ச். ஒரு பக்கம் மட்டும் சுழலும் உருளை. கயிற்றைச் சுற்றினால் உராய்வு பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் நுனியை யாராவது பிடித்தே இருக்க வேண்டும். இவ்வளவு சின்னப் படகுக்கு மிகை. நீக்கு.

மூன்றாவதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். "கவ்விக்குமா?" என்றாள். கவ்விக்கொள்ளும் என்றேன். "மானேஜரம்மா கயித்தக் கட்டவே மாட்டாங்க. கையிலயேதான் வெச்சிருப்பாங்க" என்றாள். அவர்களுக்குக் கை நன்றாக இருந்தது என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

கிளீட் தபாலில் வந்தது. பல் ஒவ்வொன்றும் அவ்வளவு கச்சிதம். அதை வெள்ளச்சியில் பூட்டிய ஞாயிற்றுக்கிழமை எனக்கு நிறைவான நாள். எண்ணெய் தடவி, கயிற்றை வைத்து இழுத்துப் பார்த்தேன். மலையையே கட்டி வைக்கலாம் போல் இருந்தது.

உடு

அன்று மதியம் மூன்று மணி இருக்கும். நான் முன்னால், அம்மா பின்னால். அப்பா குடையோடு கரையில்.

முதல் பத்து நிமிடம் எல்லாம் நான் எழுதிவைத்தபடியே நடந்தது. கயிறு கிளீட்டில் இருந்தது. அம்மாவின் வலக்கை மடியில் சும்மா கிடந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு தண்ணீர்மேல் அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத முயன்றால் நீளும். வாயைத் திறக்காமல் ஏதோ பாட்டு முனகினாள்.

கயிற்றின் நுனி கிளீட்டுக்குப் பின்னால் முறுக்கிக்கொண்டு கிடந்தது. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"இத எடுத்து நேரா வெக்கட்டுமா?"

"உடும்மா, அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "கயிறு ஒரு பக்கமா மாட்டுன மாதிரி இருக்குது கண்ணு."

"உடு உடு. அது சரியாத்தான் இருக்குது."

எங்கள் ஏரியில் காற்று நேராக வராது. மரங்களுக்கு நடுவில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே ஒரு பிடி விழும். அது விழுந்த இடத்தில் தண்ணீர் கறுத்து, அந்தக் கறுப்பு நம்மை நோக்கி ஓடி வரும். நான் முன்னால் இருந்ததால் முதலில் பார்த்தேன். பாய் விம்மியது. படகு சாய்ந்தது. கயிற்றைத் தளர்த்த வேண்டும், உடனே.

"உடு" என்று கத்தினேன். "அம்மா, உடு, உடு."

அம்மா கிளீட்டை நோக்கி நீட்டியிருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

தொடாதே என்று அவளுக்குக் கேட்டிருக்கிறது. முந்தைய இரண்டு தடவையும் நான் சொன்னது அதைத்தானே. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு மறுபடி கயிற்றை எட்டிப் பிடித்தபோது, பாயின் முழு இழுவையும் அந்தப் பல்லில் இறங்கியிருந்தது. சுண்டினாள். அந்த விரல்களால் சுண்ட முடியவில்லை. இரண்டாம் முறை சுண்டும்போது நாங்கள் தண்ணீரில் இருந்தோம்.

வீட்டில் அடுப்புக்கு முன்னால் தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்பா மூன்றாவது தடவையாகக் காபி போட்டார். குடை ஏரிக்கரையிலேயே கிடந்தது, மறுநாள்தான் போய் எடுத்துவந்தார்.

அம்மா சொன்னாள்: "மானேஜரம்மா ஈசும்பாங்க. ஈசுன்னு காதுல உழுந்தாப் போதும், எனக்குக் கை தன்னால தளரும். நீ தமிழ்ல சொன்னா நான் என்ன பண்ணட்டும் சாமி?"

ஈஸ், தளர்த்து என்பதற்கான ஆங்கிலச் சொல். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் ஆங்கிலத்தில் படித்த நான் படகில் தமிழில் கத்தியிருக்கிறேன். ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு அந்தப் படகு ஆங்கிலத்தில்தான் தெரியும்.

ஈர நோட்டை அடுப்பருகில் காயவைத்து, இரண்டு வரி எழுதினேன். பிழை ஒன்று: சொல். பிழை இரண்டு: பொருள். பிடிக்கும் வலிமையை மட்டும் பார்த்தேன். விட எவ்வளவு வலிமை வேண்டும் என்று ஒரு பத்திகூடப் போடவில்லை.

அந்த கேம் கிளீட்டை அடுத்த வாரமே கழற்றிவிட்டேன். இன்று கோவையில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. குறை சொல்ல முடியாத பொருள். ஒரே ஒரு முறை பயன்பட்டது.

ஹோட்டல் மானேஜர் மறுநாள் வந்து விசாரித்தார். "அடி ஏதும் படலைங்களே?"

"எங்களுக்கு ஒண்ணுமில்லைங்க தம்பி."

"இல்லைங்க அக்கா, படகுக்கு."

உட்கார்ந்திருந்தவள்

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களில் கிளை கழித்தார்கள். காபிச் செடிக்கு வெயில் படுவதற்காக வருடம் ஒரு முறை செய்வது. வெட்டிய கிளை செடிமேல் விழுந்து முறிக்கக் கூடாது என்பதால், கயிற்றில் கட்டி மெதுவாக இறக்குவார்கள். மேலே ஒருவர் வெட்டினார். கீழே கயிற்றுக்கு ராசம்மா. கொட்டச்சேட்டிலிருந்து வருகிறவர், அம்மாவைவிட ஒல்லி.

நானும் அம்மாவும் கொல்லைப்புறத்தில் நின்று பார்த்தோம். ஆள் கனத்துக்கு மேல் இருந்த ஒரு கிளை ஆடிக்கொண்டு இறங்கியது. ராசம்மா தரையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கயிறு பக்கத்து மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனி அவர் தொடைக்கு அடியில் போயிருந்தது.

அம்மா கேட்டாள்: "ஏனுங்க ராசக்கா, கை வலிக்காதுங்களா?"

"கையா? கைக்கு இங்க என்ன வேல. புடிக்கறது மரமுங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

"உடறதுக்கு?"

"எந்திரிச்சா உட்டுச்சு" என்று தொடையைக் கொஞ்சம் தூக்கினார். கயிறு ஓடி, கிளை இரண்டடி இறங்கியது. உட்கார்ந்தார், நின்றது. "இதுக்குப் போயி கூலி குடுக்கறாங்கன்னு மேல இருக்கறவருக்கு வயித்தெரிச்சலுங்க."

மேலே இருந்தவர் அவர் கணவர். "கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்று கிளைக்குள்ளிருந்து குரல் வந்தது.

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உருளையைச் சுற்றிய கயிற்றின் இழுவை சுற்றுக்குச் சுற்று எப்படிக் குறைகிறது என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. பெல்ட் பாடத்தில் வருவது. அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியவள். நான் நீக்கிய நான்காவது வழி மரமாக நின்றுகொண்டிருந்தது. நுனியைப் பிடிக்க யாராவது வேண்டும் என்று எழுதிய நான், அதன்மேல் உட்காரலாம் என்று நினைக்கவில்லை.

சைக்கிள் சத்தம்

மறுபடி பம்பாய்க்குக் கடிதம். இந்த முறை மானேஜரம்மா தன் தோழியின் பழைய படகிலிருந்து கழற்றிய ஒரு பித்தளை விஞ்சை அனுப்பினார். சொம்பு அளவுதான். பச்சைக் களிம்பு ஏறி, உருளை இரண்டு பக்கமும் சுழன்றது. ஒரு பக்கம் மட்டுமே சுழல வேண்டும். கூடவே ஒரு வரி: "சரிசெய்ய முடிந்தால் உன் மகள் கெட்டிக்காரி."

பட்டறையில் கழற்றினேன். உள்ளே பல் வைத்த வளையம், அதில் விழும் இரண்டு சின்ன நாக்குகள், நாக்கைத் தள்ளும் ஸ்பிரிங். ஸ்பிரிங் இரண்டும் ஒடிந்திருந்தன. எங்கோ பார்த்த அமைப்பாக இருந்தது. அரை மணி யோசித்துவிட்டுத் தெருமுனை சைக்கிள் கடைக்குப் போனேன். மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரம் டிக் டிக் என்று சத்தம் போடுமே, அந்த ஃப்ரீவீலுக்குள் இருப்பதும் இதே நாக்குதான், இதே ஸ்பிரிங்தான்.

கடைக்காரர் "எந்த சைக்கிளுக்குங்க?" என்று கேட்டார். "படகுக்குங்க" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "லேடீஸ் மாடலுங்களா?" என்றார்.

இந்த முறை தண்ணீரில் சோதிக்கவில்லை. விஞ்சை ஒரு பலகையில் பூட்டி, பலகையைத் தரையில் அடித்து, கொய்யா மரக் கிளை வழியாகக் கயிற்றில் ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டேன். மூட்டை காற்று. அம்மா அம்மாதான்.

ஒரு சுற்று: மூட்டை இறங்கியது, அம்மா நகர்ந்தாள். மூன்று சுற்று: நன்றாக நின்றது, தொடையைத் தூக்கினால் யோசித்து யோசித்து இறங்கியது. இரண்டு சுற்று: நின்றது, தூக்கிய கணமே விழுந்தது. இரண்டு.

இழுப்பதற்கும் விரல் வேண்டியிருக்கவில்லை. கயிற்றை முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு உடம்பைப் பின்னால் சாய்த்தாள். விஞ்ச் டிக் டிக் என்று இழுத்ததைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டது.

அன்று முழுவதும் நான் "ஈசு" என்பேன், மூட்டை விழும். அப்பா எட்டத்தில் குடையை ஊன்றி நின்று, "மூட்டைக்கு அடியில போவாதீங்க" என்று இருபது தடவையாவது சொல்லியிருப்பார். பிறகு அவரே "ஈசு" சொல்லிப் பார்த்தார். விழுந்தது. இன்னொரு தடவை சொல்லட்டுமா என்று கேட்டார்.

கரையிலிருந்து

மே கடைசி ஞாயிறு. கூட்டம் குறைய ஆரம்பித்திருந்தது. ஹோட்டல் மானேஜர் தோட்டக்காரர் இருவரோடு கரைக்கு வந்திருந்தார். படகின் நீளத்தை அடியால் அளந்து பார்த்தார்.

"ஒரு தடவ போயிட்டு வந்துர்றேன் தம்பி" என்றாள் அம்மா.

நான் ஏறப் போனேன். அம்மா தலையை ஆட்டினாள். "நீ வந்தா தமிழ்ல பேசுவ."

தனியாகப் போனாள். சின்னப் பாயை ஏற்றவில்லை. பெரிய பாய் மட்டும். சுக்கான் கட்டை அக்குளில், கயிறு விஞ்சில் இரண்டு சுற்று, நுனி தொடைக்கு அடியில். கரையிலிருந்து பார்க்க, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போகிறவளைப் போல் இருந்தது.

நடு ஏரியில் அவள் திரும்பும்போது, எதிர்க்கரை மரங்களுக்குக் கீழே தண்ணீர் கறுத்தது. அப்பா என் முழங்கையைப் பிடித்தார். கறுப்பு ஓடி வந்தது. பாய் விம்மியது, வெள்ளச்சி சாய்ந்தது. நான் இங்கிருந்து கத்தினால் கேட்கிற தூரம் இல்லை. என் பக்கத்தில் அப்பா யாருக்கும் கேட்காத குரலில் "ஈசு, ஈசு" என்றார்.

அம்மா எழுந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். பாய் படபடவென்று அடித்துக் காற்றை உதறியது. படகு நிமிர்ந்தது. பிறகு அவள் பின்னால் சாய்ந்தாள், ஒரு முறை, இரண்டு முறை. அந்தத் தூரத்திலிருந்து விஞ்சின் டிக் டிக் எனக்குக் கேட்டிருக்க முடியாது. கேட்டதாகத்தான் ஞாபகம்.

எங்களுக்கு நேராக வந்தபோது அம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். விரல்கள் பாதி மடங்கியபடி, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஹோட்டல் மானேஜர் பதறினார். "ஏனுங்க, கூப்பிடறாங்களே? ஆளு அனுப்பட்டுங்களா?"

"கூப்பிடலைங்க" என்றேன். "கை சும்மாத்தான் இருக்குதுன்னு காட்டறாங்க."

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோட்டக்காரர்களிடம் திரும்பி, வேறு ஏதாவது தொட்டி கிடைக்குமா என்று விசாரிக்க ஆரம்பித்தார். அம்மா கரைக்கு வரவில்லை. இன்னொரு சுற்றுக்குத் திருப்பினாள். அப்பா குடையை மடக்கினார்.